தேசிமரத்தடிப் பவுடர் ரின்

என்ரை செல்ல மகள் சறோ,

உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிறது. நீ பிள்ளைத்தாச்சி என்ற வரியை வாசித்த உடனேயே உன் அப்பா அலுமாரிக்கு மேலே கிடந்த சூட்கேசை இறக்கி, தூசி தட்டி, முற்றத்து வெயிலில் வாய் பிளக்க வைத்துவிட்டார். "அம்மா, பேறுகாலத்துக்கு நீங்கள் கட்டாயம் வரவேணும், நீங்கள் இல்லாமல் எனக்குப் பயமாக் கிடக்கு" என்று எழுதியிருக்கிறாய். சாம்பியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அப்பாதான் வரைபடத்தை விரித்துக் காட்டினார். சுற்றிவரக் கடலே இல்லாத நாடாம். பருத்தித்துறையில் பிறந்து கப்பல்காரனைக் கட்டிய எனக்கு, என் பிள்ளை கடல் இல்லாத இடத்தில் இருக்கிறாள் என்பதில் ஒரு ஆறுதல். பதில் எழுத நாலு தரம் குந்தினேன். நாலையும் கிழித்துப்போட்டேன். இது ஐந்தாவது.

வாறன் என்று ஒரு சொல் எழுதினால் முடிந்தது. ஆனால் நீ எந்த அம்மாவைக் கூப்பிடுகிறாய் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நீ எடுத்த பேய்ப்படத்தில் மகளுக்குச் சூனியம் வைக்கிற அம்மாவையா, என்னையா? இரண்டு பேரும் ஒரே ஆள் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? மூன்று வருசமாக மண்டைக்குள் இந்தக் கேள்வி கிடந்து உழல்கிறது. அதைக் கேட்காமல் நான் பிளேனில் வந்து இறங்கி உன் குழந்தையைக் கையில் வாங்க முடியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்து முடித்தபிறகு, நான் வரவேணுமா வேண்டாமா என்று நீ எழுது. இடையில் நெஞ்சு படபடத்தால் கடிதத்தை மருமகனிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடி.

நீ பிறந்தது ஐம்பத்தாறில். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த கிழமையே அப்பா கப்பலுக்குப் போய்விட்டார். போனால் பதினொரு மாசம், பதினாலு மாசம். வந்தால் ஒரு மாசம் நிற்பார், அதிலும் பாதியை நித்திரையில் கழிப்பார். நானும் நீயும்தான். ஒரு வீட்டில் ஒரு பெண்ணும் ஒரு கைக்குழந்தையும் தனியே இருந்தால் என்னென்ன பயம் வரும் என்று உனக்கு இனித்தான் தெரியப்போகிறது. கள்ளனுக்குப் பயம், காய்ச்சலுக்குப் பயம், நாவூறுக்குப் பயம். எல்லாவற்றிலும் பெரிய பயம் செய்வினைக்கு. அந்த நாளில் எங்கள் ஒழுங்கையில் யாருக்கு வயிற்றுக்குத்து வந்தாலும் யாரோ செய்து போட்டினம் என்றுதான் கதை. அதற்கு வேண்டியது ஒருவருடைய தலைமயிர் என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் உன் தலையை வாரும்போது சீப்பில் வருகிற மயிரை ஒன்றுவிடாமல் சுருட்டி, பவுடர் முடிந்த ஒரு நீலத் தகர ரின்னுக்குள் போட்டு, அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து வந்தேன். மற்றப் பெண்கள் சுருட்டித் துப்பி வேலியில் செருகுவார்கள். எனக்கு வேலியிலும் நம்பிக்கை இல்லை. எரித்தால் என்ன என்று கேட்பாய். பிள்ளையின் உடம்பில் இருந்ததை நெருப்பில் போட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

உனக்கு ஏழு வயதிருக்கும். ஒருநாள் நீயாகவே தலை வாரி, வந்த மயிரைக் காற்றில் ஊதிவிட்டாய். நான் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு ஒழுங்கை நீளம் அதன் பின்னால் ஓடினேன். சந்தையால் வந்துகொண்டிருந்த ஒரு மனுசி கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, "என்னடி, மோளைத் துலைச்சுப் போட்டியோ?" என்று கேட்டாள். "மோளில்லை, மோளின்ரை மயிர்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. வீட்டுக்கு வந்து உனக்கு ஒரு அறை வேறு. அடித்தது பிழை. கறி கருகிப்போனதற்கும் உன்னைத்தான் ஏசினேன்.

நீ பதினெட்டு வயதில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாய். தபால்காரன் கொண்டுவந்த கடிதத்தை நீ எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாய். நான் சிரித்தேன், பால் காய்ச்சினேன், அயலுக்கெல்லாம் சீனி கொடுத்தேன். எல்லாம் வெளிக்குத்தான். பதினெட்டு வருசமாகப் போகிற ஒருவரை வழியனுப்பி வழியனுப்பி அலுத்துப்போனவள் நான். இனி நீயும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாய், வருசத்துக்கு இரண்டு தரம் விருந்தாளி மாதிரி வருவாய் என்று நினைக்க எனக்கு மூச்சே வரவில்லை. இதை உன்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். "போகாதை பிள்ளை" என்று ஒரு சொல். அதைச் சொல்ல என் ரோசம் விடவில்லை. மகளின் படிப்பைக் கெடுத்த தாய் என்று பேர் வரக்கூடாது பார்!

ஆகவே உடுப்பிட்டிக்கு அங்கால் ஒரு மந்திரவாதி இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று உனக்குப் பொய் சொல்லிவிட்டு, பவுடர் ரின்னையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பிறத்தியார் கையில் படக்கூடாது என்று பதினெட்டு வருசம் நான் காவல் காத்த மயிர் அது. வயது போன மனுசன், கண்ணாடி போட்டுக்கொண்டு வெங்காயத்தில் அழுகலைத் தெரிந்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். ரின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆற்றை மயிர்?" என்று கேட்டார்.

"என்ரை மோளின்ரை."

"ஆரோ செய்து போட்டினமாக்கும். எடுக்கத்தானே வந்தனீங்கள்?"

"இல்லை. வைக்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தாய் வைக்க வந்து நான் காணேல்லை" என்றார்.

"கெடுதி ஒண்டும் வேண்டாம், ஐயா. வீட்டை விட்டுப் போகாமல் இருந்தால் காணும்" என்றேன். அவர் வெங்காயத்தை ஒருபக்கம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு செப்புத்தகட்டில் ஏதோ கீறி ரின்னுக்குள் போட்டார். பிள்ளை குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் மண்ணைக் கிண்டித் தாழ்க்கச் சொன்னார். வைத்தவளே எடுத்தால் பிள்ளைக்குக் கூடாது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து, அப்பா கப்பலால் கொண்டுவந்த தண்ணி புகாத படங்குச் சீலையில் ஒரு துண்டு வெட்டி ரின்னைச் சுற்றி, நீ பள்ளிக்கூடத்துக்கு விடைபெறப் போயிருந்த நேரம் ஊறுகாய்க்குக் காய் பிடுங்குகிற கிணற்றடித் தேசிமரத்தின் கீழ் முழங்கை ஆழத்தில் தாழ்த்தேன். அந்த முள் கிழித்த தழும்பு என் கையில் இப்போதும் இருக்கிறது. மாங்காய் வெட்டினது என்று உனக்குச் சொன்னேன்.

நீ புறப்பட ஐந்து நாள் இருக்கையில் உனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கிடந்து பிதற்றினாய், தலைமயிர் கொத்துக் கொத்தாகத் தலையணையில் கொட்டியது. அந்த மயிரைப் பார்த்து நான் ஓவென்று கத்தியதில் தாதி என்னை வெளியே அனுப்பிவிட்டாள். டொக்டர் நல்ல மனுசன். "அம்மா, இந்த மாசம் இது பதினாறாவது கேஸ். கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ" என்றார். பதினாறு பேருக்கும் நானா வைத்தேன்? இல்லை. அப்படியென்றால் உன் காய்ச்சலும் என் வேலை இல்லை. ஆனால் நான் கேட்டது நடந்துவிட்டதே, சறோ! நீ வீட்டை விட்டுப் போகவில்லையே! ஒருநாள் மத்தியானம் மண்வெட்டியோடு தேசிமரத்தடியில் போய் நின்றேன். எடுத்தால் உனக்குக் கூடாது, எடுக்காவிட்டாலும் உனக்குக் கூடாது. நின்றேன், நின்றேன், பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனேன்.

நீ எழும்பி நடக்க மூன்று மாசம் சென்றது, அதற்குள் பேராதனையில் உன் இடம் போய்விட்டது. பேராதனைக் கதையை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உடுப்பிட்டியில் படிப்பிக்கிற வேலை கிடைத்தது, காலையில் போய் பின்னேரம் வந்தாய். எனக்கு வேண்டியது அதுதான். அந்த வருசங்களில் நான் சந்தோசமாக இருந்தேன் என்று எழுதத்தான் வேண்டும், இல்லையென்றால் இது பொய்க் கடிதம் ஆகிவிடும்.

பிறகுதான் படம். உன்னோடு விஞ்ஞானம் படிப்பித்த தவத்துக்கு லண்டனில் இருந்த தமையன் ஒரு கமராவை அனுப்பினாராம், அதில் பேய்ப்படம் எடுக்கப்போகிறோம் என்று வந்து நின்றாய். கம்பனி இல்லை, முதலாளி இல்லை, நடிகர் இல்லை. நாலு வாத்திமாரும் ஒரு கமராவும். கதையை நீதான் எழுதினாய். ஒரு தாய், தன் மகள் வீட்டை விட்டுப் போகாமல் இருக்கச் சூனியம் வைக்கிறாள். மகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சிழந்து, வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் நிழல் மாதிரி ஆகிவிடுகிறாள். நீ அதைச் சொல்லச் சொல்ல என் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"உந்தக் கதை எங்கையிருந்து பிள்ளை?" என்று கேட்டேன்.

"சும்மா கற்பனைதானணை" என்றாய். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயா, கொப்பியைப் பார்த்துச் சொன்னாயா என்று நினைவில்லை. அதை நினைவுபடுத்தப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலையிடி வந்திருக்கிறது.

தாயாக நடிக்க இணுவிலிலிருந்து ஒரு ரீச்சர் வருவதாக இருந்தது. அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், சூனியக்காரியாக நடித்தவளை யார் கட்டுவான் என்று கடைசி நேரத்தில் நின்றுவிட்டாள். "மாமி, நீங்கள் நடியுங்கோவன்" என்று தவம் கேட்டார். நான் மாட்டேன் என்று நூறு தரம் சொன்னேன். "எணை அம்மா, எனக்காக" என்று நீ கேட்டாய். நீ என்னிடம் ஒன்றைக் கேட்டு எத்தனை வருசம்! சரி என்றேன். இருட்டில் எடுக்க லைற் இல்லாததால் எங்கள் பேய்ப்படம் முழுக்கப் பட்டப்பகலில் எடுபட்டது. வெள்ளிக்கிழமைகளில் நீ என்னை இருத்தி எண்ணெய் வைத்துத் தலை வாரி, நரைமயிரை விரித்துவிட்டு, கண்ணுக்குக் கீழே கரி பூசுவாய். உன் விரல்கள் என் தலையில் ஊர ஊர எனக்கு நித்திரை வரும். சூனியக்காரிக்கு நித்திரை வருகுது என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

ரின்னைத் தாழ்க்கிற காட்சி வந்தது. தவம் தேசிமரத்தடியைக் காட்டி, "இதிலை கிண்டுங்கோ மாமி, நிழல் நல்லா விழுகுது" என்றார்.

"அதிலை வேண்டாம்!" நான் கத்தியே விட்டேன்.

"ஏனணை?" என்று நீ கேட்டாய்.

"அதிலை... முள்ளு."

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. வாழையடியில் எடுப்போம் என்று சொல்லி அங்கே கூட்டிக்கொண்டு போனாய். நான் பல்லைக் கடித்து, கண்ணை உருட்டிக்கொண்டு கிண்டினேன். நீ நிற்பாட்டினாய். "அப்பிடியில்லையணை. நீங்கள் அவவை வெறுக்கேல்லை. விருப்பத்திலைதான் செய்யிறியள். அவ போனால் உங்களுக்கு ஒருத்தரும் இல்லை. அப்பிடிப் பாருங்கோ" என்றாய். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மண் தோய்ந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினேன். தவம் கமராவை நிற்பாட்டாமல், "மாமி என்னமா நடிக்கிறா!" என்றார். நீ வந்து என் கை மண்ணைத் தட்டிவிட்டாய்.

அந்தப் படச்சுருள்களெல்லாம் கழுவ லண்டனுக்குப் போய் ஏழு மாசத்துக்குப் பிறகு வந்தன. உன் பள்ளிக்கூட மண்டபத்தில் யன்னல்களைச் சாக்கால் மறைத்து, திரைக்கு வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சனிக்கிழமை பின்னேரம் போட்டுக் காட்டினீர்கள். என் முகம் வேட்டியில் வந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் வீரிட்டன. ஒரு குழந்தை திரும்பி என்னை நேரில் பார்த்துவிட்டு இன்னும் பலமாகக் கத்தியது. அதற்குப் பிறகு ஒரு மாசம் மீன்காரி எங்கள் வாசல் படலையில் நிற்காமல் போனாள், அது வேறு கதை. பிறகு கடைசிக் காட்சி வந்தது. நான் இல்லாத நேரம் எடுத்த காட்சி. தேசிமுள், கிணற்றடி ஈரம், உன் இரண்டு கை. கிண்டிக் கிண்டி ஒரு படங்குப் பொட்டலத்தை எடுத்து அவிழ்க்கிறாய். நீல ரின். படத்துக்கென்று வாங்கியது சிவப்பு ரின், சறோ. இது நீலம், தாழ்க்கமுன் மூடியை இறுக்க நான் கல்லால் குத்திய நெளிவு. திறந்து பார்க்கிறாய். பார்த்துக்கொண்டே இருக்கிறாய். பிறகு மூடி, சுற்றி, வைத்த இடத்திலேயே வைத்து மண்ணைத் தள்ளிவிட்டு, வீட்டுக்குள் போய்த் தாயின் முன்னால் சாப்பிட இருக்கிறாய். படம் முடிந்தது.

சனத்துக்கு அது பிடிக்கவில்லை. "உதென்ன முடிவு பிள்ளை? கண்டுபிடிச்சவள் ஏன் திருப்பி வைச்சவள்?" என்று உங்கள் அதிபர் கேட்டார்.

"அதுதான் சேர் படம்" என்று நீ சொன்னாய்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். நீ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "இரவுக்குப் புட்டு அவிப்பமோ அம்மா?" என்று கேட்டாய். ஓம் என்றேன். இதற்கு என்ன அர்த்தம்? என்னை மன்னித்துவிட்டாயா, தண்டிக்கிறாயா, இல்லை உனக்கு உண்மையிலேயே பசியா? அடுத்த வருசம் தவத்தைக் கட்டினாய். அதற்கடுத்த வருசம் இரண்டு பேரும் படிப்பிக்கச் சாம்பியாவுக்குப் போனீர்கள். ரின் மண்ணுக்குள் இருக்க, நீ படலையைத் தாண்டிக் கடல் தாண்டிப் போனாய். அப்போது நான் வைத்த சூனியக்கட்டு பலிக்கவில்லை. அப்படியென்றால் முன்னமும் செய்யவில்லைத்தானே? நினைக்க நினைக்கக் குழப்பம்தான்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கப்பலை விட்டு வந்ததிலிருந்து அவர் கிடக்கிற சாய்மனைக் கதிரையில் கிடந்தே கேட்டார். ஏசுவார் என்று பார்த்தேன். கடைசியில், "எனக்கும் உப்பிடி ஒண்டு வைச்சிருந்தால் நான் கப்பலுக்குப் போயிருக்க மாட்டனே" என்றார். பகிடியோ உண்மையோ தெரியவில்லை, அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வைத்தவள் எடுக்கக்கூடாது என்று நான் தள்ளியே நின்றேன். எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று கேட்காதே. நீ வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது நான் எதையும் பரீட்சித்துப் பார்க்க மாட்டேன்.

ரின் அங்கேதான் இருந்தது. துருப்பிடித்த மூடியை அப்பா குறட்டால் நெம்பினார். செப்புத்தகடு இல்லை, நீதான் எடுத்திருக்க வேணும். உன் தலைமயிர் இருந்தது, பிஞ்சு மயிர் முதல் பதினெட்டு வயது மயிர் வரை. அதோடு சேர்த்து, பின்னி, முடிச்சுப் போட்டு இன்னொரு சுருள். நரைமயிர். எண்ணெய் வாசம் இன்னும் லேசாக இருந்தது. அது என்னுடையது, சறோ. அந்த வெள்ளிக்கிழமைகளில் உன் சீப்பில் வந்த என் மயிர்.

எதற்கு வைத்தாய்? படத்துக்கு மயிர் காணாமல் கைக்கு வந்ததைப் போட்டாயா? நான் உன்னைக் கட்டியதற்குப் பதிலாக நீ என்னைக் கட்டினாயா? அல்லது, அம்மா தனியே இருக்கக்கூடாது என்று நினைத்தாயா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது. காலையில் அழுகிறேன், மத்தியானம் எனக்கு நானே சிரிக்கிறேன். நான் உன்னைப் பயந்து பயந்து பார்த்த அந்த நாட்களிலெல்லாம், உனக்குத் தெரிந்திருந்தும் என் கையால் சாப்பிட்டிருக்கிறாய் என்பது மட்டும்தான் நிச்சயம்.

உனக்குப் பிறப்பது பெண்பிள்ளை என்றால் ஒன்றைக் கேள். அவள் தலைமயிரைக் காற்றில் போக விடு, பின்னால் ஓடாதே. அவள் போகிற நாளில் உனக்கு மூச்சு முட்டினால், "போகாதை, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லு. அவள் கேட்டுவிட்டுப் போகட்டும், அல்லது நிற்கட்டும். நான் வாயால் கேட்கத் தெரியாமல் மண்ணுக்குள் கேட்டேன். உன் பேராதனை போனது காய்ச்சலாலோ என்னாலோ, அது போகவேணும் என்று விரும்பியவள் நான். என்னை மன்னித்துக்கொள், பிள்ளை.

நேற்றுக் காலையில் வெள்ளைத் துணி விரித்து, அந்த முடிச்சை ஊசியால் அவிழ்த்து, கறுப்பை வேறாகவும் நரையை வேறாகவும் பிரிக்கத் தொடங்கினேன். மத்தியானச் சோற்றுக்கும் எழும்பவில்லை. அப்பா ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தார். பின்னேரம்தான் முடிந்தது. நரையை அடுப்பில் போட்டுவிட்டேன். கறுப்பு இந்தக் கடிதத்தோடு சின்னக் கடதாசிப் பொட்டலமாக வருகிறது. அது உன்னுடையது, எரிப்பதோ வைப்பதோ உன் விருப்பம். இப்போது உன்னையும் என்னையும் கட்டி வைத்திருக்க ஒன்றுமில்லை. சூட்கேஸ் இன்னும் முற்றத்தில் திறந்தபடிதான் கிடக்கிறது. இதையெல்லாம் வாசித்தபிறகும் "வாங்கோணை" என்று ஒரு வரி எழுதினால், வாறன்.

உன்ரை அம்மா